பாணும் ஜாமும்

பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று கேட்டபோது கன்ரீன் வடையைப் பற்றி எழுதித் தப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் பௌதிக சேர் தவறிப்போன செய்தி வந்தது. எந்தச் சேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசிப் பாடம். இருவாயி (டயோட்) முடிந்துவிட்டது, மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, மனுசன் பாடத்திட்டத்தில் இல்லாத குறைகடத்தி லேசரைத் தொடங்கிவிட்டார். கரும்பலகையில் மூன்று பட்டை. "வெளியில ரெண்டு துண்டு பாண், அது அலுமினியம் கலந்தது. நடுவில ஜாம், வெறும் கலியம் ஆர்சனைட். இலத்திரன் ஜாமுக்குள்ள விழுந்தால் திரும்பி ஏற ஏலாது, ஒளியும் அதுக்குள்ளயே நிக்கும். அதாலதான் இந்த லேசர் அறை வெப்பநிலையில நிண்டு எரியுது."

நான் கையை உயர்த்தினேன். "சேர், இது சோதினைக்கு வருமோ?"

சோக்கட்டியை இரண்டாக முறித்து ஒரு பாதியை நீட்டினார். "வாரும். இலத்திரன்ர சக்தி மட்டத்தைக் கீறும்." பள்ளமாகக் கீறவேண்டிய இடத்தில் நான் மலை கீறினேன். "உம்மட ஜாம் பாணுக்கு மேல ஏறி நிக்குது" என்றார். வகுப்பே சிரித்தது. லண்டனில் இருக்கிறவன்கள் இன்றைக்கும் போன் எடுத்தால் "ஜாம் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பான்கள். பெறுபேறு வரமுன்னமே நான் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டேன்.

2000 ஐப்பசி. ஸ்காபரோவில் ஒரு கடையில் இரவு வேலை, கையில் சிவப்புக் கோடு அடிக்கிற ஸ்கானர், வானொலியில் பௌதிக நொபெல் பரிசுச் செய்தி. ஹெர்பர்ட் க்ரோமர், சோரெஸ் அல்பெரோவ் என்று இரண்டு பெயர். பிறகு தேடி வாசித்தேன். நம்முடைய பாணும் ஜாமும்தான்! 1963இல் க்ரோமர் கடதாசியில் சொன்ன கணக்கு. அவர் அனுப்பிய முதல் சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேலை பார்த்த கம்பனியோ, இதற்கு நடைமுறைப் பயன் ஒன்றும் இராது என்று செய்துபார்க்கவே விடவில்லை. நான் கேட்ட அதே கேள்வி, கோட் சூட் போட்டு வந்திருக்கிறது. லெனின்கிராட்டில் அல்பெரோவின் ஆட்கள் 1970இல் அதை அறை வெப்பநிலையில் இடைவிடாமல் எரியவைத்தார்கள். அதற்குப் பிறகும் முப்பது வருசம் கழித்துத்தான் பரிசு, அதிலும் ஆளுக்குக் காற்பங்கு, மற்றப் பாதி வேறொரு கண்டுபிடிப்புக்கு. சரி, உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. க்ரோமர் போனது 2024 பங்குனியில்.

சேருக்கு இளைப்பாறும்போது ஒரு மாலையும் வாழ்த்துமடலும் கொடுத்தார்களாம். எங்கள் வகுப்பில் ஒருவன்கூட அங்கே இல்லை, எல்லாரும் வெளியில்.

நொபெல் செய்தி கேட்ட அந்த இரவு வேலை முடிந்து வந்து சேருக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். "மதிப்புக்குரிய சேர், சோதினைக்கு வந்துவிட்டது" என்று ஒரே ஒரு வரி, கீழே படம், இந்த முறை பள்ளம் சரியான இடத்தில். இடம்பெயர்ந்து எங்கே இருக்கிறார் என்று யாரையாவது கேட்டு விலாசம் எழுதலாம் என்று வைத்தேன். அது இப்போதும் லாச்சிக்குள்தான் கிடக்கிறது.