அச்சிடாத நிலவும் அதைச் சூழ்ந்த கறுப்பு வளையமும்

நேற்றிரவு பன்னிரண்டாவது தாளில்தான் நிலவின் விளிம்பில் படிந்துகொண்டிருந்த கறுப்பு வளையம் ஒருவழியாக மறைந்தது. மூன்று வாரங்களாக என்னை ஆட்டிப்படைத்த அந்த வளையத்தைப் பற்றி எழுதி முடிக்காமல் அடுத்த பலகையைச் செதுக்கத் தொடங்க மனம் வரவில்லை. நான் மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் படம் எளியதுதான்: அஞ்சலட்டை அளவுத் தாளில் நாலரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முழுநிலவு, அதன் கீழே வெண்கதிர் சாய்ந்த ஸுஸுகிப் புல், மேலே போகப்போக இருள் கூடும் வானம். எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவில் ஜப்பானிய வீடுகளில் ஸுஸுகிப் புல்லையும் அரிசிமாவு உருண்டைகளையும் வைத்து நிலவைப் பார்க்கும் ட்சுகிமி வழக்கமே இதற்குக் கரு.

ஜப்பானிய மரப்பலகை அச்சான மொகுஹங்காவில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், இத்தகைய படத்தில் நிலவுக்கென்று தனி மை கிடையாது. வானத்துக்கான பலகையில் நிலவின் வட்டத்தைத் தோண்டி எடுத்துவிடுகிறோம். மை படாத தாளின் வெண்மையே நிலவாகிறது. ஆகவே நிலவு ஒளிர்வதும் ஒளிராமல் போவதும் அதைச் சுற்றியுள்ள இருளை எப்படி அச்சிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1830களின் தொடக்கத்தில் நிலவின் இருபத்தெட்டுக் காட்சிகள் என்று ஒரு வரிசையைத் தொடங்கினார். அதில் நமக்குத் தெரிந்து கிடைத்திருப்பவை இரண்டே. அவற்றுள் பாறைகளின் இடுக்கில் பிறை நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், நான் இதுவரை நிலவையே பார்த்துக்கொண்டிருந்தேன், வானத்தைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. இன்னொரு அச்சு ஓவியரான யோஷிதோஷி 1885 முதல் 1892 வரை வரைந்த, நிலவை மையமாகக் கொண்ட நூறு படங்களில் சிலவற்றில் நிலவே கண்ணில் படாது; அதன் ஒளியில் நிற்பவர்களைக் கொண்டே அது எங்கே இருக்கிறதென்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

இனி வளையத்துக்கு வருகிறேன். வானத்தை மூன்று முறை அச்சிடுகிறேன். முதலில் வெளிறிய நீலம் ஒரே சீராக; அடுத்து மேல் ஓரத்தில் மட்டும் அடர்ந்து கீழே கரையும் இச்சிமொன்ஜி பொகாஷி (பொகாஷி என்றால் நிறம் படிப்படியாகக் கரைவது); மூன்றாவதாக, நிலவை ஒட்டி வெளிச்சமாகவும் விலக விலக இருட்டாகவும் மாறும் பொகாஷி. முதல் இரண்டும் ஐந்தாறு தாள்களிலேயே கைக்கு வந்துவிட்டன. மூன்றாவதில் நிலவைச் சுற்றிலும் ஈரத் துணியால் ஒற்றி, வெளியிலிருந்து சாயத்தைத் தூரிகையால் பரப்பி, ஈரத்தைத் தொடும் இடத்தில் அது தானே கரையும்படி விட வேண்டும். எனக்கோ சாயம் கரைவதுபோலப் பாவனை காட்டிவிட்டு, நிலவின் விளிம்பில் போய்க் கோடாகத் தேங்கி நின்றது. தாளை உரித்துப் பார்த்தால், ஒளிர வேண்டிய நிலவு கண்மை தீட்டியதுபோல இருக்கும்.

முதலில் சாயத்தைச் சந்தேகித்தேன். 1830 வாக்கில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து அச்சுகளில் பரவிய, பெர்லின் நகரத்தின் பெயரால் பெரோ-ஆய் என்றழைக்கப்பட்ட அந்த நீலத்தையே நானும் சிறிது கரிய சுமி மை கலந்து பயன்படுத்துகிறேன். கலவையை நீர்க்கச் செய்து பார்த்தும் வளையம் அகலமானதே தவிர மறையவில்லை. அரிசிப் பசையைக் குறைத்ததில் வானம் முழுவதும் எள் தூவியதுபோலப் புள்ளிகள் விழுந்தன. பிறகு தாளைச் சந்தேகித்தேன், அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. தோசா பூசிய தாள் என்று சொல்லி ஒரு கடை அனுப்பிய கட்டில் பாதித் தாள்கள் பூச்சே இல்லாமல் வந்திருந்தன. (பெயரைக் கேட்டு யாரும் சட்னி தேட வேண்டாம், விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரைத்தான் அவர்கள் தோசா என்கிறார்கள்.) நானே காய்ச்சிப் பூசி உலர்த்தினேன். சாயம் ஊறிப் பரவுவது நின்றது, வளையம் நிற்கவில்லை.

கடைசியில் குற்றவாளி என் உளியும் என் கையுமே என்று தெரிந்தது. நிலவின் வட்டத்தை ஆழமில்லாமல் தோண்டியிருந்ததால், விளிம்பையொட்டிய பள்ளத்தில் சாயநீர் தேங்கி, தாளின் முதுகில் தேய்க்கும் வட்டத் தட்டான பாரெனை அழுத்தும்போது தாள் அதைத் தொட்டு உறிஞ்சியிருக்கிறது. போதாக்குறைக்குத் தூரிகையை நிலவை நோக்கியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தள்ளலிலும் விளிம்பு கொஞ்சம் சாயத்தை வழித்துக்கொண்டது. விளிம்பையொட்டிப் பள்ளத்தை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ஆழமாக்கினேன். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பள்ளத்தை உலர்ந்த துணியால் ஒற்றினேன். சாயம் பரப்பி முடித்ததும், ஏறத்தாழ உலர்ந்த இன்னொரு தூரிகையால் நிலவிலிருந்து வெளிப்புறமாக மட்டும் நான்கைந்து முறை வருடினேன். மின்விசிறியை நிறுத்தாமல் இதைச் செய்ய முடியாது. வருடி முடிப்பதற்குள் பலகை காய்ந்துவிடும். வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டேன். பன்னிரண்டாவது தாளை உரித்தபோது வளையம் இல்லை. நிலவு வானத்துக்குள் மெல்லக் கசிந்திருந்தது. தற்பெருமைதான், ஆனாலும் அதை மேசை விளக்கின் கீழ் வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரெனைப் பற்றி ஒரு புலம்பல். பயிற்சிக்கான மலிவு பாரெனின் மூங்கில் உறை எட்டாவது தாளிலேயே கிழிந்தது. புதிய உறையை ஊறவைத்து இழுத்துக் கட்டுவதற்கே ஒரு மாலை போயிற்று. அது வழுக்குவதற்காகத் தேங்காய் எண்ணெயைச் சற்றுத் தாராளமாகத் தடவியதில் ஒன்பதாவது தாளின் பின்புறம் முழுவதும் எண்ணெய்க் கறை. கயிற்றுச் சுருள் வைத்த நல்ல பாரெனுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புல்லுக்கான பலகையை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் மனம் அடுத்த படத்துக்கு ஓடிவிட்டது. நிலவின் வெறும் தாளில் சாயமே இல்லாமல் அழுத்தி மட்டும் பதிக்கும் கராஸுரி முறையில் ஒரு முயலைப் பதிக்க எண்ணம். நிலவில் முயலைக் காண்பது நமக்கும் பழக்கமானதே. நெருப்பில் தன்னையே உணவாக அளித்த முயலின் பௌத்த ஜாதகக் கதை சீனத்தின் வழியாக ஜப்பானுக்கும் போயிருக்கிறது. அங்கே அது உலக்கை பிடித்து மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தை இடிக்கிறது. முழுநிலவைக் குறிக்கும் மோச்சிஸுகி என்ற சொல்லும் மோச்சி இடித்தலைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதை அதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. அதற்கடுத்து, முழுநிலவு கழிந்து நாளுக்கு நாள் தாமதமாக எழும் நிலவுகளை ஒரு வரிசையாகச் செய்ய ஆசை: தயங்கி எழும் பதினாறாம் நாள் இஸயோய், நின்றபடி காத்திருக்கும் பதினேழாம் நாள் நிலவு, உட்கார்ந்து காத்திருக்கும் பதினெட்டாம் நாள் நிலவு, படுத்துக்கொண்டே காத்திருக்கும் பத்தொன்பதாம் நாள் நிலவு.

தோசா பூசிய தாள்கள் இன்னும் எட்டு இருக்கின்றன. ஸுஸுகிக் கதிர்களின் மயிரிழைக் கோடுகளை ஷினா ஒட்டுப்பலகை தாங்குமா, அல்லது சிறிய செர்ரிப் பலகை ஒன்றை வரவழைக்க வேண்டுமா என்பதை, ஞாயிற்றுக்கிழமை ஓரத்துண்டு ஒன்றில் செதுக்கிப் பார்த்துத் தீர்மானிக்கப் போகிறேன்.