சீனிக்குக் கண் துடைக்கும் நேரம்

காலையில் அடுப்பில் பால் ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் நாலைந்து பஞ்சு உருண்டையும் தயாராகிவிடும். கிண்ணம் தரையில் வைக்கிற சத்தம் கேட்டதும் சீனி வந்து என் மடியில் ஏறி, முகத்தை நிமிர்த்திக் காட்டுவான். ராத்திரி வடிந்த கண்ணீர் கண்ணின் உள்மூலையில் காய்ந்து, துருப்பிடித்த நிறத்தில் ஒட்டியிருக்கும். நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்து ஊறவிட வேண்டும். பிறகு மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு அத்தோடு சரி, அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. கடைசியில் மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்பை உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பேன். அங்கே ஈரம் தங்கினால் தோல் புண்ணாகிவிடும்.

சீனி பெர்சியன் பூனை. சந்தன நிறம், ஏழு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பம் ஊர் மாறிப் போகும்போது, "நீங்க பார்த்துக்குவீங்களா அக்கா?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சரி என்று வாங்கிக்கொண்டேன். அதுவரை தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்த அனுபவம் மட்டும்தான் எனக்கு. அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். சீனியால் முடியாது.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். மேலே தடவினால் பட்டுப் போல இருந்த முடி, முன்னங்கால் இடுக்கில் கெட்டிச் சடையாகத் திரண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். பூனையின் தோல் மெல்லியது, தளர்வானது. சடையைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடாரம் மாதிரி சேர்ந்து எழும்பும் என்று எனக்குத் தெரியவில்லை. முடியோடு தோலும் வெட்டுப்பட்டு, இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அவன் கத்தவில்லை. கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு நான் அழுதது இப்போதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு கத்தரிக்கோல் கிடையாது. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம், பல் அகலமான ஸ்டீல் சீப்பு. முதுகை வாருவது நம் திருப்திக்குத்தான். அங்கே சிக்கு அதிகம் விழுவதில்லை. காதுக்குப் பின்னால், கழுத்தடி, அக்குள், வயிறு, வாலுக்குக் கீழே, தொடைக்குப் பின்பக்கம் இருக்கிற முடிக்கொத்து, இந்த இடங்களில்தான் வேலை. சிக்கு கண்டால் அதன் அடிவேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலால் பிரிக்க வேண்டும். கொஞ்சம் சோளமாவு தூவினால் வழுக்கிக்கொண்டு வரும். தாழம்பூ வைத்துப் பின்னிய பிள்ளைக்குச் சடை பிரிக்கிற பொறுமை வேண்டும் என்று அத்தை சொல்வார்கள். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது இறுகிப்போகும்.

அத்தை என் மாமியார். ஆரம்பத்தில் அவர்களுக்குச் சீனியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. "ஏம்மா, கடவுள் இவனுக்கு மூக்கு வைக்க மறந்துட்டாரா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். கடவுள் மறக்கவில்லை அத்தை, மனுஷங்கதான் எடுத்துட்டாங்க என்றேன். அது உண்மை. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே பெர்சியன்கள் இருந்தன. அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பாருங்கள், மூக்கு நன்றாக இருக்கிறது. அதன்பிறகு வந்தவர்கள்தான் தட்டை முகமே அழகு என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். முகத்து எலும்பு குறுகியது. உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற குழாய் வளைந்து நெளிந்து போனதால்தான் அது கன்னத்தில் வழிகிறது. நான் காலையில் துடைப்பது அந்தத் தேர்வின் விளைவைத்தான்.

நம் ஊரில் விற்பவர்கள் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று தரம் பிரித்து, முகம் தட்டையாக ஆக விலையை ஏற்றுகிறார்கள். ட்ரிபிள் கோட் என்று வேறு சொல்வார்கள். பெர்சியனுக்கு இருப்பது இரண்டு அடுக்கு முடிதான். என்னிடம் யாராவது எங்கே வாங்கலாம் என்று கேட்டால், முதலில் மூக்குத் துவாரத்தைப் பாருங்கள் என்கிறேன். கோடு போட்ட மாதிரி மூடியிருந்தால் அந்தக் குட்டி ஆயுள் முழுக்க மூச்சுக்குப் போராடும். அடுத்தது, தாய் தகப்பனுக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற பரம்பரை நோய் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2004இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. இருந்தும் பார்க்காமல் குட்டி போட வைத்து விற்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. சீனிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டோம், கட்டி ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்கு ஆழமான கிண்ணம் ஆகாது. மூக்கு முட்டும், மீசை இடிக்கும். காபி தம்ளருக்கு அடியில் வைக்கிற தட்டையான சாஸர்தான் அவனுக்குச் சரி. தீனியை அவன் பல்லால் கவ்வுவதில்லை, நாக்கின் அடிப்பக்கத்தால் ஒட்டி எடுப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மதுரை வெயில். போன வருடம் மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். "ஏம்மா, இவன் நாய் மாதிரி வாயைத் திறந்துட்டு மூச்சு வாங்குறான், வந்து பாரு" என்று அத்தை கூப்பிட்டார்கள். நாய்க்கு அது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் ஆபத்து. ஐஸ் வைக்கவில்லை, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துண்டை நனைத்துப் பாதத்திலும் வயிற்றிலும் வைத்தோம். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அத்தை பனை விசிறியால் வீசிக்கொண்டே வந்தார்கள். டாக்டர் பார்த்தபோது 105 டிகிரி ஃபாரன்ஹீட். பூனைக்கு 102.5 வரைதான் இயல்பு. சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்.

அதற்கப்புறம் இன்வெர்ட்டர் வாங்கினோம். பங்குனி பிறந்ததும் வயிற்று முடியை மட்டும் டாக்டரிடம் மெஷினில் எடுத்துவிடுகிறோம். மத்தியானத்தில் அவன் படுக்க, கிணற்றடிப் பக்க அறையின் சிமெண்ட் தரையைத் துடைத்து வைக்கிறோம்.

டாக்டர் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று. ராத்திரி விளக்கணைப்பதற்கு முன்னால் நான் எண்ணுகிறேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் அத்தை எண்ணிவிட்டு போனில் சொல்வார்கள். அவன் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பான், அந்தச் சத்தம் போனிலேயே கேட்கும்.

நேற்று ராத்திரி 24.