நானும் சாட்சி சொல்லியிருப்பேன்

கல்லூரி விடுதியில் ஒரு ராத்திரி, நான் கும்பிடும் கடவுளை வைத்து நண்பன் ஒருவன் ஜோக் அடித்தான். அறையே சிரித்தது. எனக்கு உடம்பு பதறியது. ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. இவனையெல்லாம் உள்ளே தள்ள ஒரு சட்டம் வேண்டும் என்று மனதார நினைத்தேன்.

இன்றும் நான் பக்தன்தான். சட்டம் கேட்ட அந்த ஆளைத்தான் காணோம். காரணம், தாமஸ் ஐக்கன்ஹெட்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்த மாணவன், வயது 20. பைபிளைக் கேலி செய்தான் என்று வழக்கு. எதையும் அச்சிட்டு விற்கவில்லை; கூட இருந்தவர்களிடம் பேசினான், அவ்வளவுதான். தவறு என்று சொல்லி மன்றாடியும் 1697 ஜனவரியில் தூக்கில் போட்டார்கள். மதநிந்தனைக்காகப் பிரிட்டனில் தூக்கிலேறிய கடைசி ஆள் அவன். அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் யார் தெரியுமா? கூடப் படித்த பையன்கள். அதைப் படித்தபோது விடுதி அறை கண்முன் வந்தது. அந்த வரிசையில் நானும் நின்றிருப்பேன். பொய்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். காதில் விழுந்ததை அப்படியே சொன்னாலே போதும்.

பழைய கதை என்று தள்ள முடியவில்லை. பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்மீது வந்த மதநிந்தனைப் புகாரும், வயலில் கூட வேலை செய்த பெண்களோடு தண்ணீருக்காக மூண்ட வாய்ச்சண்டையில் தொடங்கியதுதான். 2010இல் மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018இல்.

அயர்லாந்து கதை வேறு மாதிரி. 2009 சட்டப்படி நிந்தனைக்கு 25,000 யூரோ வரை அபராதம் இருந்தது. ஆனால் நிந்திக்கப்பட்ட மதத்தவரில் கணிசமானோர் கொதித்திருந்தால்தான் அது குற்றம். நடிகர் ஸ்டீவன் ஃப்ரை தொலைக்காட்சியில் கடவுளைத் திட்டியதாக வந்த புகாரை 2017இல் போலீஸ் மூடியது. அத்தனை பேர் கொதித்ததாகத் தெரியவில்லையாம்! சிரிப்பு வந்தாலும் விஷயம் அதுதான். சொன்னவன் என்ன சொன்னான் என்பதைவிட, கேட்டவனுக்கு எவ்வளவு கோபம் என்பதை வைத்துக் குற்றத்தை அளந்தால், அதிகம் கத்துகிறவர்தான் நீதிபதி. மறு ஆண்டே வாக்கெடுப்பில் மக்கள் நிந்தனைக் குற்றத்தை நீக்கச் சொன்னார்கள்.

‘அவங்களை அடி’ என்று கூட்டத்தைக் கிளப்புகிறவனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும், சரி. அது மனிதர்களைக் காக்க. ஆனால் என் கடவுள் மட்டுமே கடவுள் என்று நான் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரருக்கு அது நிந்தனை. எல்லா மதத்துக்கும் பொதுவான அரசு இதில் யார் பக்கம் நிற்கும்?

இதை எழுதுவதற்கு முன் அந்த நண்பனுக்கு ஃபோன் செய்தேன். அந்த ஜோக் அவனுக்கு நினைவே இல்லை. எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் இருக்கிறது.