எலக்ட்ரான்களை எண்ணத் தொடங்கிய நுண்ணோக்கி

புதிய நுண்ணோக்கி ஒன்றைப் பற்றிய அறிவிப்பு கைக்கு வந்தால், உருப்பெருக்கம் எத்தனை மடங்கு என்ற வரியைத் தாண்டிப்போய், எலக்ட்ரான்களைப் பதிவு செய்யும் டிடெக்டரைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியைத்தான் நான் முதலில் தேடுகிறேன். உருப்பெருக்கத்துக்கு இன்று எந்த ஆய்வகத்திலும் பஞ்சமில்லை. மாதிரியை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியியலில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த பாய்ச்சலைக் கவனித்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தின் காரணம் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

300 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 2 பிக்கோமீட்டர், அதாவது ஓர் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அலைநீளம் ஒன்றே போதுமென்றால், எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கிய சில பத்தாண்டுகளிலேயே புரதத்தின் அணு அமைப்பு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலோகங்களில் அணு வரிசைகள் தெரிந்த பிறகும் பெரும்பாலான புரதங்கள் மங்கிய குமிழ்களாகவே தங்கிவிட்டதற்குக் காரணம், பார்க்கப்படும் பொருளே பார்வையைத் தாங்கவில்லை என்பதுதான். நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். அங்கே நீர் ஆவியாகிப்போகும், நீரை இழந்த புரதம் சுருங்கிச் சிதையும். எலக்ட்ரான் கற்றையோ வேதிப் பிணைப்புகளை முறித்துக்கொண்டே இருக்கும்.

முதல் இடரைத் தீர்த்தவர் ழாக் டுபோஷே. ஹைடெல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 1980களின் தொடக்கத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடி போல உறையவைக்கும் முறையைக் கண்டார்கள். அந்த வேலை இன்றும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் நடக்கிறது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நுண்துளைகள் நிறைந்த கார்பன் படலம் போர்த்திய கிரிட் என்னும் வட்ட வலைத்தகடு ஒன்றை இடுக்கியால் பிடித்து, அதன்மேல் சில மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை இடுகிறார்கள். வடிதாள் அதன்மேல் சில நொடிகள் அழுந்தி மிகுதி நீரை உறிஞ்சிக்கொள்ள, துளைகளில் சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள நீர்ப்படலம் மட்டும் மிஞ்சுகிறது. அது காய்வதற்குள் கிரிட் திரவ ஈத்தேனுக்குள் பாய்ச்சப்படுகிறது. திரவ நைட்ரஜன் இதைவிடக் குளிர்ந்தது. ஆனாலும் பொருள் பட்ட உடனே கொதித்துத் தன்னைச் சுற்றி வாயு உறையைப் போர்த்திக்கொள்வதால் வெப்பத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஆகவே நைட்ரஜன், ஈத்தேனைக் குளிர்விக்கும் வேலையோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது இடர் எளிதில் தீரவில்லை. கற்றையின் வலிமையைக் குறைத்தால் புரதம் பிழைக்கும், படத்தில் இரைச்சல் ஏறும். ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்குச் (ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) சில பத்து எலக்ட்ரான்களே செலவிட முடியும் என்ற நிலையில், வந்து சேரும் ஒவ்வொன்றையும் வீணாக்காமல் பதிவு செய்வது எப்படி என்பதே கேள்வி. ஃபிலிம் ஓரளவு நன்றாகவே பதிவு செய்தது; ஆனால் ஒவ்வொரு தாளையும் கழுவி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒளியை மின்குறியாக மாற்றும் சிசிடி கேமரா அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது, தரத்தைக் கெடுத்தது. எலக்ட்ரானை முதலில் ஒளியாக மாற்றி, அந்த ஒளியை இழைகள் வழியே சில்லுக்குக் கொண்டுசெல்லும்போது ஒரு புள்ளி பல புள்ளிகளாகப் பரவிவிடும்.

2012, 2013 வாக்கில் பரவலான நேரடி எலக்ட்ரான் டிடெக்டர்கள் அந்த இடைத்தரகரை நீக்கின. மெல்லிய சிலிக்கான் சில்லில் எலக்ட்ரான் நேராக வந்து விழுகிறது. அதன் வேகமான வகைகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான சட்டகங்களைப் படித்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. இதன் இன்னொரு பயன் என்னை அதிகம் வியக்கவைத்தது. கற்றை படும்போது பனிப்படலம் சற்றே நகரும், முன்பு அந்த நகர்வு படத்தைக் குழப்பிவிடும். இப்போது கிடைப்பது படமன்று, ஒரு குறும்படம். அதன் சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திப் பொருத்தி அந்த மங்கலைப் பெருமளவு நீக்கிவிடலாம். 2013இல் யிஃபான் செங், டேவிட் ஜூலியஸ் ஆகியோரின் குழுக்கள், வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் உணரும் டிஆர்பிவி1 புரதத்தின் அமைப்பை, புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராயும் பழைய முறைக்குப் போகாமலே, 3.4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் (எவ்வளவு நுண்ணிய விவரம் பிரிந்து தெரியும் என்ற அளவு; எண் சிறிதானால் தெளிவு அதிகம்) வெளியிட்டன. 2017இல் டுபோஷே, ஜோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரசின் மரபுத்தொடர் வெளியாக, பிப்ரவரிக்குள் அதன் முள்புரதத்தின் வடிவம் அச்சேறியது. படிகம் விளையும் வரை காத்திருக்கும் வழக்கத்தில் இப்படி ஒரு வேகத்தை நம்பித் திட்டமிட முடியாது.

இப்படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கலாகாது: நாம் காண்பது ஒரு மூலக்கூறின் நிழற்படமன்று. பல்லாயிரம், சில நேரங்களில் பல லட்சம் துகள்களின், அதாவது அதே புரதத்தின் தனித்தனி மூலக்கூறுகளின், இரைச்சல் மிகுந்த படங்களைக் கணினி கோணவாரியாகப் பிரித்து, சராசரி எடுத்து, முப்பரிமாண வடிவாக்கித் தருகிறது. ஃபிராங்க் வகுத்த கணிப்புமுறைகள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல டிடெக்டரும் பயன்படாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வெறும் இரைச்சலாலான ஆயிரம் படங்களை ஐன்ஸ்டீனின் படத்தோடு ஒப்பிட்டுப் பொருத்திச் சராசரி எடுத்தால், ஐன்ஸ்டீனின் முகம் தெளிவாகத் தோன்றும்! எதை எதிர்பார்க்கிறோமோ அதையே கணிப்பு தேடிப் பொறுக்கிக் கொடுத்துவிடும். இந்த எடுத்துக்காட்டை முன்வைத்து ஹெண்டர்சன் 2013இல் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். தரவை இரு பாதிகளாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றை அறியாதவாறு தனித்தனியே வடிவமைத்து ஒப்பிடும் வழக்கம் இத்தகைய ஏமாற்றத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான்.

விளம்பரங்களில் வரும் பிரிதிறன் எண்களைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2020இல் கேம்பிரிட்ஜில் 1.22 ஆங்ஸ்ட்ராமும், கோட்டிங்கனில் 1.25 ஆங்ஸ்ட்ராமும் எட்டப்பட்டன. தனித்தனி அணுக்களே தெரிந்தன. சாதனைதான், ஐயமில்லை. ஆனால் இரண்டும் அப்போஃபெரிட்டின் என்ற புரதத்தில் கிடைத்தவை. 24 ஒரேமாதிரித் துணையலகுகள் சேர்ந்த, அசையாத, சமச்சீரான கூடு அது. சோதனைக்கென்றே பிறந்தது போல இருக்கும். நாம் ஆராய விரும்பும் புரதங்களோ வளையும், திறக்கும், மூடும். அவற்றின் உட்பகுதி கூர்மையாகவும், வெளியே தொங்கும் வளைவுகள் புகையாகவும் தெரியும்போது, முழு வடிவத்துக்கும் சேர்த்து ஒற்றை எண் சொல்வது பாதி உண்மையே. பகுதிவாரியான பிரிதிறனை வண்ணத்தில் காட்டும் படத்தைப் பார்த்த பிறகே நான் எந்த வடிவத்தையும் நம்புகிறேன்.

இன்றைய தடை பெரும்பாலும் கிரிட்டில் இருக்கிறது. நீர்ப்படலம் அவ்வளவு மெல்லியது என்பதால், புரதம் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் திரும்பத் திரும்ப மோதுகிறது. மோதியதில் சில குலைந்துவிடுகின்றன, சில ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்கின்றன. எல்லாத் துகள்களும் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டு வடிவத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சிறிதளவு டிடர்ஜென்ட் சேர்ப்பது, ஓரணுத் தடிப்புள்ள கார்பனான கிராஃபீன் படலத்தில் புரதத்தை ஒட்டவைப்பது, கரைசலைத் தெளித்து மில்லிநொடிகளில் உறையவைப்பது, கிரிட்டைச் சாய்த்துவைத்துப் படமெடுப்பது என்று வழிகள் பல உள்ளன. எந்தப் புரதத்துக்கு எது ஒத்துவரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. எனவே 300 கிலோவோல்ட் கருவியில் நேரம் கேட்டு வரிசையில் நிற்பதற்கு முன், கிரிட்டுகளைச் சிறிய நுண்ணோக்கியில் சோதித்து, துகள்கள் எல்லாக் கோணங்களிலும் கிடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே கோணம்தான் தெரிகிறது என்றால் பெரிய கருவியில் எத்தனை நாள் படமெடுத்தாலும் அதே கோணம்தான் வந்து குவியும்.