ஆக்சிமீட்டர் காட்டும் எண்

தென் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் பயோமெடிக்கல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.இ. முடித்த கையோடு சேர்ந்தது. வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப், மானிட்டர் என்று எது மக்கர் பண்ணினாலும் எங்களுக்குத்தான் போன் வரும். கையில் நிரந்தர வேலை இருக்கும்போது மேற்படிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பச்சிளங்குழந்தைகள் வார்டில் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருந்த ஒரு குழந்தை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 80க்கு இறங்குவதும் அலாரம் அடிப்பதுமாக இருந்தது. குழந்தையோ உதடு சிவந்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூத்த சிஸ்டர், "தம்பி, மெஷினைக் கழற்றுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று சொல்லி, பாதத்தில் ஒட்டியிருந்த, ஆக்சிமீட்டரின் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஒளியால் அளக்கும் கருவி) சென்சாரான புரோபின் மேல் கறுப்புத் துணியை மடித்துச் சுற்றினார். திரையில் அலை சீராகி, எண் 97க்கு வந்து நின்றது. விளக்கின் வெளிச்சம் சென்சாருக்குள் புகுந்து கணக்கைக் கெடுத்திருக்கிறது.

சிஸ்டர் அனுபவத்தில் கண்ட வழி அது. ஆனால் அந்தக் கணக்கே எப்படிப் போடப்படுகிறது என்ற கேள்வி அப்புறம் என்னை விடவில்லை. கல்லூரியில் ஒரு பக்கத்தில் முடிந்துபோன பாடம்தான். புரோப் இரண்டு ஒளிகளை அனுப்புகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும், ஏறாத இரத்தம் அதிகமாக உறிஞ்சும். நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இரண்டின் விகிதத்தைக் கணக்கிடலாம் என்ற யோசனையை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் முன்வைத்தார். விகிதத்தைச் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, அவர்கள் இரத்தத்தையும் சோதித்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள்.

யார் அந்தப் பெரியவர்கள்? அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி சோதனைக்குக் குறைந்தது 10 பேர். அதில் அடர்நிறத் தோல் கொண்டவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 2020இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதே தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது, வெள்ளையர்களிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதத்தில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதத்தில். கருவி பழுதாகவில்லை. கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழும் சரியாகவே இருந்திருக்கும். என் வார்டில் படுத்திருக்கும் பெரும்பாலானவர்களின் நிறம் எனக்குத் தெரியும். எங்கள் நோயாளிகளுக்கு இந்த எண் எவ்வளவு பொருந்தும் என்பதை ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. படிக்கத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட கருவி ஆராய்ச்சி இங்கே நம்மால் ஆகுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையிலான குழு இதய வால்வு செய்ய இறங்கி, முதல் மூன்று மாதிரிகளும் தேறாமல் போக, நான்காவதை 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. வெளிநாட்டு வால்வை வாங்க வசதியில்லாத எத்தனையோ பேருக்கு அது உயிர் கொடுத்தது.

அதே ஸ்ரீசித்திராவும் சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்தான் என் இலக்கு. வகுப்பறையும் வார்டும் ஒரே படிப்புக்குள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்கென்று 2020 முதல் தனித்தாள் இருப்பதும் வசதி. ஷிப்ட் முடிந்து வந்து சிக்னல் பிராசஸிங்கைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில், ஐசியூவில் தமனி இரத்தம் எடுத்துச் சோதிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மானிட்டர் எண்ணையும் பக்கத்தில் குறித்து வைக்கலாமா என்று தலைமை மருத்துவரிடம் கேட்டேன். நல்ல யோசனை என்றார். நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அந்த விண்ணப்பத்தைத்தான் இப்போது தயார் செய்கிறேன்.