ராய் வுட்டின் ‘போல்டர்ஸ்’ கேட்கும் நாட்கள்

ஜூன் 9, 2024, ஞாயிறு. மார்த்தாண்டம்

ஆராதனை முடிந்து வந்தபின், ஆங்கிலேய ராக் இசைக்கலைஞர் ராய் வுட்டின் ‘போல்டர்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்’ பாடலைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் நெடுங்காலம் பேஸ் எனப்படும் அடிக்குரல் பாடியவர் என்பதால், எந்தப் பாட்டைக் கேட்டாலும் மேல்குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் குரலைத்தான் முதலில் தேடுவார். பாட்டு முடிந்ததும், “பிள்ளைகள் நல்லா பாடுதாவ, யாரு மக்கா இவிய?” என்று கேட்டார். அதில் பெண்கள் யாரும் இல்லை, அத்தனையும் ஒரே ஆணின் குரல் என்றதும் மறுபடியும் போடச் சொன்னார்.

வித்தை இதுதான்: ஒலிநாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பாடிப் பதிவுசெய்து, பின்னர் இயல்பான வேகத்தில் ஓட்டினால் குரலின் சுருதி ஏறிவிடும். வேகத்தைச் சரிபாதியாகக் குறைத்துப் பாடியிருந்தால் ஒரு ஸ்தாயி முழுவதும் ஏறும். சுருதி மட்டுமல்ல, மெய்யெழுத்துகளும் அதே அளவில் குறுகும், குரலின் நடுக்கமும் வேகமெடுக்கும். இரண்டாம் முறை கேட்ட பெரியப்பா, “மேல பாடுதவிய வார்த்தைய சட்டுனு விழுங்குதாவ” என்றார். தொழில்நுட்பம் எதுவும் அறியாமல், காதால் மட்டுமே அவர் அந்த இடத்தைத் தொட்டுவிட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1946இல் பிறந்த ராய் வுட், ‘தி மூவ்’ ராக் குழுவின் முதன்மைப் பாடலாசிரியராகப் புகழ்பெற்றவர். லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1969 முதல் 1971 வரை, குழு வேலைகளுக்கு இடையில் கிடைத்த பொழுதுகளில் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தார். அது வெளிவருவதற்குள், ‘தி மூவ்’ தோழர் ஜெஃப் லின்னுடன் சேர்ந்து எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கி, 1972இல் அதைவிட்டு விலகி, ‘விஸார்ட்’ என்ற அடுத்த குழுவையும் அமைத்துவிட்டார். ஆல்பம் வெளிவந்தது 1973இல். பாடல்களை எழுதியதும், கிதார், டிரம்ஸ், செல்லோ, சாக்ஸஃபோன், பாஞ்சோ என மாறி மாறி வாசித்ததும், தயாரித்ததும், அட்டை ஓவியத்தை வரைந்ததும் அவரேதான்.

ஜூன் 12, புதன்

‘வேக் அப்’ பாடலில் தாளம் போடுவது டிரம்ஸ் அன்று, தண்ணீர். ஒரு பாத்திரத்துத் தண்ணீரைக் கையால் தட்டி எழுப்பிய ஓசையை அதில் தாளமாக வைத்திருக்கிறார். விளையாட்டாகச் செய்த காரியமாகத் தோன்றலாம். எவ்வளவு கவனம் அதற்குத் தேவைப்பட்டிருக்கும் என்பதை அறிய, மாலையில் கிணற்றடியில் சருவம் நிறையத் தண்ணீர் வைத்துத் தட்டிப் பார்த்தேன். உள்ளங்கையை விரித்து அடித்தால் சப்பென்று வறண்ட ஓசையும், கையைக் குவித்து அடித்தால் உள்ளிறங்கும் பொந்து ஓசையும் வருகின்றன. ஆனால் ஒரே அளவில் இரண்டு அடிகளை அடுத்தடுத்துப் பெறுவது பெரும்பாடு, ஏனெனில் முதல் அடியில் எழுந்த அலை அடங்குவதற்குள் இரண்டாவது அடி விழுந்துவிடுகிறது. பாட்டு முழுவதும் அந்தத் தாளத்தைச் சீராக நிறுத்தி, அதன்மேல் அவ்வளவு மென்மையாகப் பாடியிருக்கிறார். இந்த ஆல்பத்தைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்குவோரிடம் நான் முதலில் போட்டுக் காட்ட விரும்பும் பாட்டு இதுதான்.

ஜூன் 14, வெள்ளி

இரவு முழுக்க மழை. ‘மிஸ் கிளார்க் அண்ட் தி கம்ப்யூட்டர்’ பாடலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மிஸ் கிளார்க் மீது காதல் கொண்ட ஒரு கணினி தானே பாடும் பாட்டு அது. இறுதியில் அதைப் பிரித்துப்போடுகிறார்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டேப் ரெக்கார்டரில் பாட்டு இழுபடுவதைப்போல, அதன் குரல் வேகம் குறைந்து சுருதி இறங்கிக்கொண்டே போகிறது. முதல் பாட்டில் நாடாவின் வேகத்தைக்கொண்டு குரல்களைத் துள்ளவைத்தவர், இங்கே அதே வேக வித்தையை எதிர்த்திசையில் திருப்பி ஓர் உயிர் அடங்குவதைக் கேட்கவைக்கிறார். சிரிப்பதற்கென்று எழுதப்பட்ட கதையில் இத்தனை துக்கம் இருப்பதை எத்தனை முறை கேட்டாலும் என்னால் தாங்க முடிவதில்லை. உடனே பாட்டியின் பாஞ்சோவைப் பற்றிய கும்மாளப் பாட்டு தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் இருந்து யோசனை சொல்ல ஒரு குழு இருந்திருந்தால், இவ்விரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைக்க விட்டிருக்கவே மாட்டார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

கடைசியில் வரும், சில பாட்டுகளை ஒன்றாகக் கோத்த ராக் மெட்லி எனக்கு ஒட்டவில்லை. 1950களின் ராக் அண்ட் ரோல் மீது அவருக்குள்ள பற்று தெரிகிறது. இருந்தாலும், அதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலும் வேறொரு குழுவாகவே மாறியவர், இங்கே பிறருடைய சாயலோடு நின்றுவிடுகிறார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 18ஆம் இடம்வரை ஏறிய, இதே ஆல்பத்தின் ‘டியர் எலெய்ன்’ பாட்டோடு ஆல்பத்தை முடித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெரும்பாலான இசைக்கருவிகளை அவரே வாசித்த அடுத்த தனி ஆல்பமான ‘மஸ்டர்ட்’ (1975) இன்று மாலை ஓடியது. அதில் பாடகர்கள் ஃபில் எவர்லியும் ஆனி ஹஸ்லமும் குரல் கொடுத்திருக்கிறார்கள்; ஒலியும் செழுமையாக இருக்கிறது. பெரியப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எனக்கோ, பெரும்பாலும் துணைக்கு யாரையும் அழைக்காமல் தண்ணீரைத் தட்டித் தாளம் போட்ட ‘போல்டர்ஸ்’தான் வேண்டும்.