உப்பளத் தொடர்: எடுத்ததிலிருந்து விற்றதுவரை

வேதாரண்யம் உப்பளங்களைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தொடராக எடுத்து, எண்ணிட்ட பிரதிகளாக விற்ற வேலையில் எங்களை அதிகம் படுத்தியது வெள்ளைதான். உப்பும் வெள்ளை, காகிதமும் வெள்ளை.

கேமரா மீட்டரை அப்படியே நம்பினால் உப்பு அம்பாரம் சாம்பல் நிறத்தில் வரும். வெளிச்சத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டி, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் அம்பாரம் வெறும் வெள்ளைத் திட்டு. விடிந்த முதல் ஒரு மணி நேரச் சாய்வெளிச்சத்தில்தான் உப்புப் பரல் தனித்தனியாகத் தெரியும். ட்ரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பூட்டுகள் அரித்து இறுகிவிடும். வரப்பில் கால் வைக்கும் முன் பாத்திக்காரரிடம் கேளுங்கள். உடைந்தால் நட்டம் அவருக்கு. முகம் தெரியும் படங்களுக்குத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

தேர்வைத் திரையில் முடிக்காதீர்கள். தபால் அட்டை அளவில் அச்சிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டினால், ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் உடனே மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் அடிவானம் ஏறி இறங்கினாலும் கண் உறுத்தும். பன்னிரண்டு படம் போதும். இருபது வைத்தால் பலவீனமானவைதான் நினைவில் நிற்கும்.

இனி அச்சு. 24 மெகாபிக்சல் கோப்பு (6000×4000) 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 20×13.3 அங்குலம் வரும். அதற்குமேல் இழுக்கும் முன் சோதனை அச்சு பாருங்கள். நாங்கள் எடுத்தது 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) பருத்தி மேட் காகிதம், நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மை. கோப்பில் 255, அதாவது முழு வெள்ளை, இருக்கும் இடத்தில் பிரின்டர் மையே விடாது. திரையில் பளிச்சென்ற உப்பு, காகிதத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். எடிட்டிங் மென்பொருளின் கர்வ்ஸ் கருவியில் வெளியீட்டு வெள்ளையை 246 அளவுக்கு இறக்கினால் மெல்லிய மை படிந்து, குவியலின் விளிம்பு காகிதத்திலிருந்து பிரிந்து நிற்கும். பளபளப்பில்லாத இந்த மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது. நிழல்களைச் சற்றுத் தூக்கித்தான் ஆக வேண்டும். அச்சு இருட்டாக வருகிறதா? பெரும்பாலும் குற்றம் மானிட்டரின் வெளிச்சத்தில்தான். 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வைத்துப் பாருங்கள். முழு அச்சுக்கு முன், மிகச் சிக்கலான வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்டி ஒரு துண்டு அச்சிட்டால் காகிதச் செலவு மிச்சம்.

எண்ணிக்கையை விற்பனைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பிரதி, அதற்கு வெளியே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் இரண்டு கலைஞர் பிரதி. படத்துக்குக் கீழ் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று எண், கையெழுத்து, ஆண்டு. பத்து முடிந்தபின் வேறு அளவில் இன்னும் பத்து அச்சிடுவது, முதலில் வாங்கியவரை ஏமாற்றுவதுதான்.

விலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேலரிகள் சாதாரணமாக 40–50 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அச்சு, சட்டம் (ஃபிரேம்), பேக்கிங் சேர்த்து அடக்கம் 6,000 ரூபாய் என்றால், கேலரிக்குப் பாதி போகும்போது 12,000க்கு விற்றாலும் கையில் ஒரு ரூபாய் நிற்காது. 20,000க்கு விற்றால் நிற்பது 4,000. நேரடியாக விற்கும்போது கேலரி விலையைக் குறைக்காதீர்கள். அடுத்த முறை கேலரியில் சுவர் கிடைக்காது. முதல் மூன்று பிரதி ஒரு விலை, அடுத்த நான்கு கூடுதல், கடைசி மூன்று அதற்கும் மேல்.

நம் கடலோர ஈரப்பதத்தில் படம் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் வரும். அமிலமற்ற மவுண்ட் அட்டையைப் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து இடைவெளி விட்டே சட்டம் போடச் சொல்லுங்கள். செல்லோ டேப் கண்டிப்பாக வேண்டாம். மஞ்சள் கறை ஊறி வரும். சட்டமில்லாமல் அனுப்பும்போது மூன்றங்குல விட்டக் குழாய் இந்தக் கனக் காகிதத்துக்குக் காணாது, ஆறங்குலமாவது வேண்டும். எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; மறுவிற்பனை என்று யாராவது கேட்டு வரும்போது அந்த நோட்டுதான் சாட்சி.